தோற்றவரும் அடுத்த ஞாயிறு வர வேண்டும்

உங்கள் மேசை லேசாக ஆடுகிறது, ஐயா. வலப்பக்கக் காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்துச் சொருகினால் நின்றுவிடும். தப்பாக நினைக்காதீர்கள், ஆடுகிற மேசையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மேசை ஆடினால் எங்கள் ஆட்டத்தில் முதலில் சாய்கிறவன் கொடி பிடித்திருக்கும் ஈய வீரன்தான். ஒரு விரல் உயரம் இருப்பான். ஒடிந்த கொடிக்கம்பத்தை ஒட்ட எனக்கு ஒரு முழு மாலை போய்விடும்.

என் அக்காவின் அந்த அழைப்பை யார் எடுத்தது என்று கேட்டீர்கள். நான்தான் எடுத்தேன். ஒரு வரியில் எழுதிக்கொண்டு என்னை அனுப்பிவிடலாம். ஆனால் அடுத்ததாக ஏன் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். என் மனைவிக்கு அது இருந்ததில்லை. நான் இந்தப் பேச்சை எடுத்தாலே துணி மடிக்கப் போய்விடுவாள். நீங்கள் நாற்காலியை விட்டு எழாமல் கேட்பதே எனக்குப் பெரிய கௌரவம்.

நான் நகராட்சியில் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவன். எந்தத் தெருவுக்கு அடியில் எது ஓடுகிறது என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் ஒரு பேரரசின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறவன். இடம், என் வீட்டு மாடி அறை. பழைய கதவுப் பலகைகளைச் சேர்த்துப் போட்ட மேசை. அதன்மேல் பச்சைத் துணி. அதுதான் நிலம். கார்க்கை வெட்டினால் குன்று, பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்தால் மரம், பஞ்சு வைத்தால் பீரங்கிப் புகை. நிலத்தில் நிற்கிற நூற்றுக்கணக்கான ஈய வீரர்களுக்கும் நானே வர்ணம் தீட்டினேன், சட்டைப் பொத்தான் உட்பட. ஐம்பது வயதைத் தாண்டிய ஆள். எதிரில் உட்கார்ந்து இதைக் கேட்டால் நானே சிரித்திருப்பேன். நீங்களும் சிரிக்கலாம், குற்றமில்லை.

பழைய காலத்துப் போர்களை அளவு நாடாவும் பகடையும் வைத்து மேசையில் நடத்திப் பார்ப்பது எங்கள் விளையாட்டு. ஒரு மதியத்தில் ஒரு போர் நடத்த எவராலும் முடியும். போர்த்தொடர் அப்படி இல்லை. அதில் ஒரு போரின் முடிவு அடுத்த போருக்குள் நுழையும். இந்த வாரம் செத்த பட்டாளம் அடுத்த வாரம் எழுந்து நிற்காது. இந்த வாரம் விட்டுக்கொடுத்த ஊரில் அடுத்த வாரம் ரொட்டி கிடைக்காது. கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? நடத்திப் பார்த்தால் தெரியும். முதல் போரில் ஜெயித்தவர் பெரிய படையோடு இரண்டாவதற்கு வருவார். அதிலும் அவரே ஜெயிப்பார். மூன்றாவது வாரம் தோற்றவருக்கு எங்கிருந்தோ முதுகுவலி வந்துவிடும். அதோடு தொடர் நின்றுபோகும். யாரும் நிறுத்தினோம் என்று சொல்லமாட்டார்கள். தானாகவே நாறிப்போகும். நான் ஆரம்பித்த இரண்டு தொடர்களும் அப்படித்தான் போயின.

அக்காவுக்கு இதில் பரம திருப்தி. துணிக்கடையில் மீட்டர் கணக்கில் துணி கிழிக்கிற வேலை அவளுக்கு. அந்தப் பச்சைத் துணியே அவள் கடையிலிருந்து கொண்டுவந்ததுதான். "வீட்டு பிளான் போட ஆரம்பிச்சே, இன்னும் அதுல மாடிப்படி இல்ல. ராத்திரி காலேஜ் போனே, பரீட்சைக்குப் போகல. உன் வாழ்க்கையில நீ முழுசா முடிச்சது ஒண்ணே ஒண்ணுதான்டா தம்பி, என் கல்யாணத்துல போட்ட சாப்பாடு" என்பாள். எல்லோர் முன்னாலும் சொல்வாள். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். அன்றைக்கு இரவு மட்டும் தூக்கம் வராது.

அதனால் மூன்றாவது தொடரை வேறு மாதிரி யோசித்தேன். ஒரு குளிர்காலப் பின்வாங்கல். தோற்றுத் திரும்புகிற சின்னப் படை ஒன்று, ஐந்து போர்களில் தாக்குப்பிடித்து ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். துரத்துகிறவர்கள் முன்னேற முன்னேற அவர்களுடைய சாப்பாட்டு வண்டிகள் பின்தங்கும். பிடித்த ஊரைக் காக்க ஆட்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஓடுகிறவருக்கு அடுத்த ஊரில் புது ஆட்கள் கிடைப்பார்கள். கொடியோடு ஒரே ஒரு பட்டாளம் பாலத்தைத் தாண்டினாலும் அவருக்குத்தான் வெற்றி. அதாவது, இன்று தோற்றவர் அடுத்த ஞாயிறு வருவதற்கு ஒரு காரணம் இருக்கும். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது, கவனித்தீர்களா? குழாய் வரைகிறவனுக்கு இப்படி நிமிரச் சந்தர்ப்பம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஓடுகிற படை என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். எங்கள் மேசையில் அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, ஒருமுறைகூட வராமல் இருந்ததும் இல்லை. துரத்துகிறவர்கள் இரண்டு பேர். பீரங்கியும் காலாட்படையும் பல் டாக்டருக்கு. குதிரைப்படை தையல்காரருக்கு. அவர் எப்போதும் உதட்டில் குண்டூசியோடு இருப்பதால் நாங்கள் வைத்த பெயரும் குண்டூசிதான். நான் நடுவர். நடுவருக்குப் படை கிடையாது. நியாயம் மட்டும்தான்.

இன்னொரு விதியும் உண்டு. அத்தானை எந்நேரமும் எவராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள். ஆகவே ஞாயிறு மதியம் அவர் வேலையை இன்னொருவர் பார்ப்பது என்றும், எல்லோருடைய ஃபோனையும் அணைத்து பிஸ்கட் டப்பாவுக்குள் போட வேண்டும் என்றும் முடிவானது. நான்தான் சொன்னேன், மூன்று பேரும் கை தூக்கினார்கள். என் ஃபோன் மட்டும் வெளியே இருக்கும். சுற்றுக்கு நேரம் பார்க்க வேண்டுமே.

முதல் போர் அற்புதமாக நடந்தது. அதற்குப் பிறகுதான் ஒன்று புரிந்தது. விதிகளில் இருந்த ஓட்டைகளை நான் அடைத்துவிட்டேன். ஆனால் விளையாடுகிறவர்களுக்கு வீடு, வேலை, உறவு என்று வேறு ஓட்டைகள் இருந்தன. நல்ல வடிவமைப்பாளன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

பல் டாக்டர் இனி ஞாயிறும் கிளினிக் திறக்கப்போவதாகச் சொன்னார். நான் வாதாடவில்லை. விதவிதமான குரலில் கிளினிக்குக்குப் பேசி, ஞாயிறு மதியம் முழுக்க நேரம் வாங்கினேன். ஒருமுறை கிழவராக, ஒருமுறை கடைவாய்ப் பல் வலியால் துடிக்கும் பெண்ணாக. அந்தப் பெண்ணின் வலி எனக்கே நிஜமாகத் தோன்றியது. ஒருவரும் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "ஞாயித்துக்கிழமைன்னா ஜனங்க சோம்பேறி ஆயிடுறாங்க சார்" என்று டாக்டர் அலுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு எங்களிடமே வந்துவிட்டார். இதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. நிஜமாகவே பல் வலித்த ஓரிருவர் நேரம் கிடைக்காமல் திரும்பியிருக்கலாம்.

மூன்றாவது போர் முடிந்ததும் குண்டூசி ஒரு குண்டைப் போட்டார். வெளியூரில் இருக்கும் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். "பையன் கூப்பிட்டுட்டே இருக்கான். போய் ரெண்டு மாசம் பேத்தியோட இருந்துட்டு வந்துடறேன்" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. குதிரைப்படை இல்லாமல் எப்படித் துரத்துவது? அடுத்த நாள் அவர் கடைக்குப் போனேன். சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கு.

"உங்க பையன் இங்க வந்திருந்தப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னான். சொல்லலாமா வேணாமான்னு இருக்கு" என்றேன்.

"என்ன சொன்னான்?"

"இருக்கிறதே ரெண்டு ரூமு, அப்பா வந்தா எங்க படுக்க வைக்கிறதுன்னு ரொம்பச் சங்கடப்பட்டான். பாசம் இல்லாம இல்ல. உங்ககிட்ட சொல்ல வாய் வரலை, அவ்வளவுதான்."

அவர் உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பொதியில் குத்தினார். "அப்படியா சொன்னான்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு என் தோளை அளந்தார். அளவைத் தப்பாக எடுத்தார். அந்தச் சட்டை எனக்கு இன்றைக்கும் இறுக்கிப் பிடிக்கிறது.

அவர் ஊருக்குப் போகவில்லை. நான்காவது போரில் அவருடைய குதிரைகள் வெறிபிடித்த மாதிரி பாய்ந்தன. அப்படி ஒரு தாக்குதலை எங்கள் மேசை பார்த்ததில்லை. அப்பனும் மகனும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. தொடர் முடிந்ததும் நானே பேசிச் சரிசெய்துவிடலாம் என்று இருந்தேன். நடுவில் இந்தச் சாவு வந்துவிட்டதால் தள்ளிப்போகிறது.

இனி அக்கா விஷயம்.

நான்காவது போருக்குப் பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடையில் துணிக் கட்டைத் தூக்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளாம். ஆஸ்பத்திரி டாக்டர் சில பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுத்து, அதுவரை தனியாக இருக்க வேண்டாம் என்றிருக்கிறார். அத்தான் என்னிடம் வந்து, ஏதோ கடன் கேட்கிற மாதிரி தயங்கித் தயங்கிச் சொன்னார். "கடைசிப் போரைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா? உங்க அக்காவைத் தனியா விட மனசு வரல."

தள்ளிவைத்த போர் பிறகு நடந்ததாக எந்தத் தொடரிலும் சரித்திரம் கிடையாது. நான் அத்தானிடம் சரி என்றேன். நேராக அக்காவிடம் போனேன். கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அவரை ஞாயித்துக்கிழமை அனுப்புன்னு கேட்க வந்திருக்கே. அதானே?"

"ஒரே ஒரு மதியம்தான்கா. ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கோம். ஏதாவதுன்னா என் ஃபோன் ஆன்லதான் இருக்கும். நான் அனுப்பி வெக்கிறேன்."

அவள் சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. "சரி, போகட்டும். பாவம், அந்த மனுஷனும் ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும். இதையாவது முடிடா."

இந்த வார்த்தையை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது. முடிக்கச் சொன்னது அவள்தான். நான் அவள் பேச்சைத் தட்டியதே இல்லை.

ஐந்தாவது போர் எப்படி நடந்தது என்று உங்களுக்கு விளக்க ஆசைதான். அதைக் கேட்கிற ஆசை உங்களுக்கு இல்லை என்பதும் உங்கள் முகத்தில் தெரிகிறது. சுருக்கிவிடுகிறேன். அத்தானிடம் மிஞ்சியிருந்தது கொஞ்சம் காலாட்படை, ஒரே ஒரு பீரங்கி, ஒரு கொடி. பாலம் அவருக்குப் பின்னால். மற்ற இருவரும் இரண்டு பக்கமும் நெருக்கினார்கள். அத்தான் அன்றைக்கு வேறு ஆளாக இருந்தார். வழக்கமாகப் பகடையை உருட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கிறவர், அன்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து நின்றார். குண்டூசியின் குதிரைகளை இரண்டு முறை திருப்பி அடித்தார். ஒரு தொடர் அதன் கடைசிப் போரில், அதுவும் சமநிலையில், யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் நிற்கிறது. நான் கண்ணால் பார்த்திராத காட்சி அது.

அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள். நான் மாடிப்படிக்கு வந்து எடுத்தேன்.

"தம்பி, மூச்சு ஒரு மாதிரி இருக்குடா. அவரை வரச் சொல்லு."

"இதோ அனுப்பறேன்கா. படுத்துக்கோ."

"படுத்தா முடியல. ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"

"அதெல்லாம் எதுக்குக்கா? வீணா அக்கம்பக்கம் கூடிடும். அத்தான் கிளம்பிட்டாரு. நீ கதவை மட்டும் திறந்து வெச்சுடு."

"சீக்கிரம்டா" என்றாள்.

உங்கள் கையில் இருக்கிற தாளில் அந்த அழைப்பு எவ்வளவு நேரம் என்று போட்டிருக்கும். அவ்வளவுதான் பேசினோம். நான் உள்ளே வந்தேன். "யாரு?" என்று அத்தான் தலையைத் தூக்காமல் கேட்டார். "ராங் நம்பர்" என்றேன்.

நீங்கள் நினைக்கிற மாதிரி நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. யோசித்தேன். இன்னும் இரண்டு சுற்றுகள் பாக்கி. இரண்டு சுற்று என்றால் ஒரு டீ குடிக்கிற நேரம். அத்தானை இப்போது அனுப்பினால் அவருடைய படையை யார் நடத்துவது? நடுவர் நடத்தக் கூடாது, விதியில் இருக்கிறது. மற்றவர்கள் நடத்தினால் அது அவருக்கு அநியாயம். நானே ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமே என்றும் தோன்றியது, தோன்றாமல் இல்லை. ஆனால் அக்கா வீட்டுக்குப் போகிற வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். சைரன் சத்தம் கேட்டால் மூன்று பேரும் ஜன்னலுக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே ஆட்டத்தை வேகப்படுத்தினேன். "சீக்கிரம், சீக்கிரம்" என்று நான் பறந்ததைப் பல் டாக்டரிடம் கேட்டால் சொல்வார். என்னால் முடிந்தது அது. கடைசிச் சுற்றில் என் போதாத காலம், வானிலைப் பகடை பனிமூட்டம் காட்டியது. பனிமூட்டம் வந்தால் ஒரு சுற்று கூடும். நான் எழுதிய விதிதான். எழுதும்போது அதை நினைத்து எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

அந்தக் கூடுதல் சுற்றில் ஃபோன் மறுபடி அதிர்ந்தது. சத்தத்தை ஏற்கெனவே அணைத்திருந்தேன். மேசை ஓரத்தில் வைத்திருந்ததால் அந்த அதிர்வில் பாலத்தருகே நின்ற பீரங்கிக்காரன் ஒருவன் சாய்ந்தான். நான் அவனை நிமிர்த்தி வைத்தேன். ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நெஞ்சுக்கு மேலேயே கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. சரி, அக்காவுக்குத் தேவலையாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் ஜெயித்தார். கொடியோடு ஒரு பட்டாளம் பாலத்தைத் தாண்டியது. அந்த மனிதர் கைதட்டிக் குதித்தார் ஐயா. டாக்டர் அவரைக் கட்டிப்பிடித்தார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் குண்டூசிகூடச் சிரித்தார். "உங்க அக்காகிட்ட சொல்லணும், நம்பவே மாட்டா" என்று அத்தான் டப்பாவிலிருந்து தன் ஃபோனை எடுத்து உயிர்ப்பித்துக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

"தூங்குறாங்க போல அத்தான்" என்றேன். "வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். இந்த மாதிரி நாள் திரும்ப வராது."

கொடி வீரனை உள்ளங்கையில் ஏந்தி நின்றார். இரண்டு படம் எடுத்தேன். முதலாவதில் கண்ணை மூடிவிட்டார்.

வீட்டுக்கு அவர் போனபோது கதவு திறந்திருந்தது. அக்கா கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். நான் சொன்னபடி திறந்துவைத்துவிட்டு, அங்கேயே காத்திருந்திருக்கிறாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

அத்தான் அன்றிலிருந்து ஒரே பேச்சைத்தான் பேசுகிறார். "என் ஃபோனை ஆஃப் பண்ணி வெச்சேனே, ஊரான் லிஃப்ட்ல மாட்டினா ஓடுவேன், என் பொண்டாட்டி கூப்பிட்டப்ப இல்லையே" என்று. சரியாகச் சாப்பிடுவதில்லை. நான்தான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைக்கிறேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல அத்தான்" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதில் பொய் ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால், அழைப்பு வந்தது, பேச்சு கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா கூப்பிட்டாள், உதவி கேட்டாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட இருந்தவளை நான் தடுத்தேன், யாரிடமும் சொல்லவில்லை, இரண்டாவது அழைப்பை வேண்டுமென்றே எடுக்கவில்லை. அவள் சாகக்கூடும் என்று தெரியுமா என்று கேட்டால், தெரியும். பனிமூட்டம் வந்தபோதே தெரிந்துவிட்டது. இதையெல்லாம் எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரு தொடரை முதலிலிருந்து கடைசி வரை நடத்தி முடித்தவன் நான். இதற்குமேல் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அத்தான் வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். தாங்க மாட்டார். அவருக்காகப் புதிதாக ஒரு தொடர் வரைய ஆரம்பித்திருக்கிறேன், இந்த முறை ஏழு போர்கள், துரத்துகிற படை அவருடையது. நேற்று வரைபடத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைத் தனியாக விடக் கூடாது என்பதற்காகத்தான் ஐயா இவ்வளவும் செய்கிறேன். அதோடு, இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.